முத்தோனியை எந்தப் பக்கம் எழுதுவது?

கென்யாவின் கிக்குயு இன மக்களைப் பற்றி கூகி வா தியாங்கோ எழுதிய ‘தி ரிவர் பிட்வீன்’ நாவலைப் பாடமாகப் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “கிறிஸ்தவம் தவறு, கிக்குயு மரபு சரி என்பதுதானே கூகி வா தியாங்கோவின் நிலை? அப்படியானால் மரபைத் தேடிப் போன முத்தோனியை ஏன் சாகடித்தார்? இல்லை, கிறிஸ்தவம்தான் சரி என்றால் ஜோஷுவாவை ஏன் அவ்வளவு கல்நெஞ்சக்காரராகக் காட்டினார்?” மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஆசிரியர் யார் கட்சி என்று கேட்கிறீர்கள். இந்த நாவலைப் பல வருடம் கல்லூரியில் நடத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் நானும் கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் கிறிஸ்தவம், மறுபக்கம் மரபு என்று எழுதிப் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தவன்தான். ஒருநாள் பின்வரிசை மாணவி ஒருத்தி, “சார், முத்தோனியை எந்தப் பக்கம் எழுதட்டும்?” என்று கேட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். நான் கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்குத் தேடிய பதில்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு கிக்குயு மொழி தெரியாது, கென்யாவுக்குப் போனதும் இல்லை. நாவலையும் அந்தக் காலத்து வரலாற்றையும் ஆங்கிலத்தில் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். தூங்கும் சிங்கங்களைப் போல எதிரெதிரே கிடக்கும் இரண்டு மலைமுகடுகள், கமேனோவும் மகுயுவும். நடுவில் ஓடுவது ஹோனியா ஆறு. அந்தப் பெயருக்கே குணமாக்குதல், உயிர்ப்பித்தல் என்று பொருள். கமேனோ பழைய முறையில் நிற்கிறது. மகுயுவில் ஜோஷுவா என்ற போதகர் கிறிஸ்தவச் சபை நடத்துகிறார். சற்றுத் தள்ளி சிரியானா என்ற இடத்தில் வெள்ளைக்காரர்களின் மிஷன், பள்ளிக்கூடம், மருத்துவமனை. ஜோஷுவாவின் இளைய மகள் முத்தோனி அப்பாவுக்குத் தெரியாமல் கமேனோவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் விருத்தசேதனச் சடங்கை ஏற்றுக்கொள்கிறாள். புண் ஆறாமல் இறந்துபோகிறாள். அதன்பிறகு இரண்டு முகடுகளும் சேரவே முடியாதபடி பிரிகின்றன. கமேனோவின் வையாகி சுயேச்சைப் பள்ளிக்கூடம் கட்டி ‘ஆசிரியர்’ என்று பெயரெடுக்கிறான். முத்தோனியின் அக்கா நியாம்புராவைக் காதலிக்கிறான். கடைசியில் அவனுடைய ஜனங்களே அவனைத் தீர்ப்புக்கு ஒப்படைக்கிறார்கள்.

இப்போது ‘மரபு’ என்ற பக்கத்துக்கு வருவோம். நோட்ஸ் புத்தகங்கள் பெரிய தவறு செய்வது இங்கேதான். ஏக தெய்வத்தை வணங்கும் கிறிஸ்தவத்துக்கும் பல தெய்வ வழிபாட்டுக்கும் சண்டை என்று எழுதிவிடுகிறார்கள். கிக்குயு நம்பிக்கையில் கடவுள் ஒருவர்தான், ங்காய். முருங்கு என்றும் சொல்வார்கள். தாய் தகப்பன் இல்லாதவர். அவர் வந்து தங்கும் இடம் கெரேன்யாகா, அதாவது கென்யா மலை. அவருக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது, முழுநேரப் பூசாரி கிடையாது. முகுமோ என்னும் அத்தி மரத்தடியில் மலையைப் பார்த்து வேண்டுவார்கள், ஆட்டைப் பலி கொடுப்பார்கள். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிறப்பு, பருவச் சடங்கு, கல்யாணம், சாவு மாதிரியான பெரிய கட்டங்களில்தான் அழைக்க வேண்டும். ஆதி மனிதர் கிக்குயு, அவர் மனைவி மும்பி, அவர்களுடைய ஒன்பது பெண்கள், அந்தப் பெண்களின் பெயரில் ஒன்பது குலங்கள் என்று நிலத்தோடு கட்டிய கதை. மிஷனரிகள் விவிலியத்தை கிக்குயு மொழிக்குக் கொண்டுபோனபோது, கடவுளுக்குப் புதுப் பெயர் தேடாமல் ‘ங்காய்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஜோஷுவா பிரசங்கத்தில் கூப்பிடும் பெயரும், வையாகியின் தகப்பன் செகே மரத்தடியில் கூப்பிடும் பெயரும் ஒன்றாகவே இருந்திருக்கும். சண்டை கடவுளைப் பற்றியதாக இருந்திருந்தால் அது அந்த மொழிபெயர்ப்பிலேயே பாதி தீர்ந்திருக்க வேண்டும்.

சண்டை எங்கே வந்தது என்றால், உடம்பில் வந்தது. ‘இருவா’ என்று அவர்கள் சொல்லும் பருவச் சடங்கு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நாம் ‘விருத்தசேதனம்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் விவிலியத்தில்தான் பார்த்திருப்போம். அங்கே அது ஆண்களுக்கு மட்டும். கிக்குயு பெண்களுக்குச் செய்யப்பட்டது பிறப்புறுப்பின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை: அது உடம்புக்குக் கேடு, மருத்துவப் பயன் எதுவும் கிடையாது, ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் பெண்கள் செத்திருக்கிறார்கள். கென்யாவிலேயே 2001இல் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கும், 2011இல் எல்லாப் பெண்களுக்கும் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்தச் சடங்கு என்னவாக இருந்தது என்பது தனி விஷயம். அதைத் தாண்டாத பெண் எத்தனை வயதானாலும் சிறுமிதான். கல்யாணம் இல்லை, வயதுக்குழுவில் இடம் இல்லை, பெரியவர்கள் சொல்லித்தரும் குலக்கதையும் பாலியல் ஒழுக்கமும் நிலத்தைப் பற்றிய அறிவும் அவளுக்குக் கிடைக்காது. ஒரே ஆண்டில் சடங்கு செய்துகொண்டவர்கள் சாகும்வரை ஒரு குழு. அந்த ஆண்டு நடந்த முக்கியமான சம்பவமே குழுவுக்குப் பெயராகும். எழுத்து இல்லாத சமூகத்துக்கு வரலாற்றேடும் அதுதான். கிக்குயு அரசியல் தலைவர் ஜோமோ கென்யாட்டா 1938இல் வெளியிட்ட ‘ஃபேசிங் மவுண்ட் கென்யா’ நூலில் வாதாடுவது இதைத்தான்: வெட்டுவதை மட்டும் தனியே பிடுங்கி எடுக்க முடியாது, எடுத்தால் அதோடு பின்னியிருக்கும் மொத்த ஏற்பாடும் சரியும் என்கிறார். அவர் வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சடங்கை வைத்துக்கொண்டு கத்தியை விட்டுவிடலாம் என்பதைப் பிற்காலத்தில் கென்யாவிலேயே பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் 1930களில் ஒரு கிக்குயு மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை அந்தப் புத்தகம் காட்டுகிறது.

நாவலின் பின்னணி 1929ஐ ஒட்டியது என்றே பெரும்பாலும் படிக்கிறார்கள். கூகி எந்த ஆண்டையும் குறிப்பிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் கதையின் திருப்பம் புரியாது. கிக்குயு என்ற ஊரில் ஸ்காட்லாந்துச் சபையின் மிஷன் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் ஜான் ஆர்தர். பெண்களுக்கான சடங்கை அவர்கள் பல வருடமாகக் கண்டித்துவந்தார்கள். 1929 கடைசியில் கண்டிப்பை விட்டுவிட்டு உறுதிமொழி கேட்டார்கள். சபை உறுப்பினரும் ஆசிரியரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் அல்லது கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும்: சடங்கைக் கைவிடுகிறேன், கிக்குயு சென்ட்ரல் அசோசியேஷனோடும் எனக்குத் தொடர்பில்லை. இந்த இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அந்த அசோசியேஷன் பறிபோன நிலத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த அரசியல் இயக்கம். கென்யாட்டா அதன் பொதுச்செயலாளர். பெண்ணின் உடம்பைக் காப்பாற்றும் தாளில் நிலத்துக்கான போராட்டத்தையும் கைவிடச் சொன்னார்கள். ரேகைக்கு கிக்குயுவில் ‘கிரோரே’ என்று பெயர். ரேகை வைத்தவர்களுக்கும் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. வைக்காதவர்கள் ‘கரிங்கா’, அதாவது தூய்மையானவர்கள்.

அப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. சபைகள் காலியாயின. ‘முத்திரிகு’ என்ற ஆட்டப்பாட்டு ஊர் ஊராகப் பரவியது. மிஷனரிகளையும் அதிகாரிகளையும் கிரோரேக்காரர்களையும் கேலி செய்யும் பாட்டு. சடங்கு செய்யாத பெண்களை வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்டு அந்த வழியாக மிச்ச நிலத்தையும் வளைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சும் ஓடியது. 1930 தொடக்கத்தில் அரசு அந்தப் பாட்டையே தடை செய்தது. எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று இருக்கிறது. கிக்குயு மொழிப் புதிய ஏற்பாடு 1926இல் வந்தது. அதில் கன்னி மரியாளைக் குறிக்க ‘முயிரிது’ என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்குக் கல்யாணமாகாத பெண் என்று பொருள்தான், ஆனால் சடங்கு முடித்த பெண்ணைத்தான் அப்படிச் சொல்வார்கள். கர்த்தரின் தாயே சடங்கு முடித்தவள் என்று உங்கள் புத்தகமே சொல்கிறதே, அப்புறம் எங்கள் பெண்களுக்கு மட்டும் ஏன் தடை என்று ஜனங்கள் கேட்டார்கள். மிஷனரிகளுக்கு இது சொல் விபத்து. கேட்டவர்களுக்கு அது வேத வாக்கியம்.

அதே 1930 ஜனவரி தொடக்கத்தில் கிஜாபேயில் ஹல்டா ஸ்டம்ப் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணி வீட்டிலேயே கொல்லப்பட்டார். இந்தத் தகராறால் நடந்த கொலை என்று பல கட்டுரைகள் உறுதியாக எழுதுகின்றன. கொலை நடந்தது உறுதி, காரணம் உறுதிப்படவில்லை. தேர்வில் எழுதுவதானால் அந்த வித்தியாசத்தோடு எழுதுங்கள்.

சபையை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான விஷயம். அவர்கள் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. சொந்தமாகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், அதற்கென்று இரண்டு சங்கங்கள் உருவாயின. சொந்தமாகச் சபையும் வைத்தார்கள். குருமார்களுக்குப் பட்டம் கொடுக்க ஆள் வேண்டுமே? 1935இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயர் டேனியல் வில்லியம் அலெக்சாண்டரை வரவழைத்தார்கள். அவர் தங்கியிருந்து பயிற்சி கொடுத்து குருமார்களை உருவாக்கிவிட்டுப் போனார். ஞானஸ்நானமும் வேண்டும், இருவாவும் வேண்டும் என்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று கருதியது கிரோரே தாளை நீட்டியவர்கள்.

இந்த வரலாற்றோடு ஜோஷுவாவைப் பாருங்கள். சிறுவயதில் ஊரைவிட்டு சிரியானாவுக்கு ஓடிப்போய் மதம் மாறியவர். பழைய ஏற்பாட்டில் ஊறியவர். பாவத்தைத் தண்டிக்காமல் விடமாட்டார், மனைவியை அடிக்க வேண்டி வந்தாலும். அவர் மனைவி மிரியாமு சடங்கு முடித்தவள். அப்படிப்பட்டவளைக் கட்டியதற்காக அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாவலில் போகிறபோக்கில் ஒரு இடம் வரும். பழைய ஏற்பாட்டில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்திருக்கிறார்களே என்று அவருக்கு உறுத்துகிறது. ஆனால் சிரியானாவில் இருப்பவர் அது பாவம் என்று சொல்லிவிட்டார், ஆகவே பாவம்தான் என்று முடித்துக்கொள்கிறார். வேதத்துக்கும் சிரியானாவுக்கும் வித்தியாசம் வந்தால் சிரியானா சொல்வதுதான் செல்லும். கூகி கிண்டல் செய்வது அந்த இடத்தைத்தான். விசுவாசத்தை அவர் எங்கும் கிண்டல் செய்யவில்லை. மிரியாமுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவனுக்குப் பணிந்து சத்தமில்லாமல் ஜெபிக்கும் அவளும் கிறிஸ்தவள்தான். அவளைப் பற்றி ஒரு கேலிச் சொல்லும் நாவலில் கிடையாது.

முத்தோனி பேசுவது கொஞ்சம்தான். அக்காவிடம் ஆற்றங்கரையில் சொல்கிறாள்: அப்பாவும் அம்மாவும் சடங்கு முடித்தவர்கள்தானே, அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா? அது அவர்களைத் தடுக்கவில்லையே? நானும் கிறிஸ்தவள்தான், ஆனால் எனக்குப் பெண்ணாக வேண்டும். போதகரின் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் கேட்கும் கேள்வி இது. நாவல் முழுவதும் தேடினாலும் இதற்கு ஜோஷுவாவிடமிருந்தோ சிரியானா மிஷனின் தலைவர் ரெவரெண்ட் லிவிங்ஸ்டனிடமிருந்தோ பதில் கிடையாது. சாகும்போது வையாகியிடம் அவள் சொல்லி அனுப்பும் செய்தியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: நான் இயேசுவைக் காண்கிறேன் என்று அக்காவிடம் சொல், நான் பெண்ணாகிவிட்டேன், குலத்துக்குள் அழகான பெண். இதை விமர்சகர்கள் ‘சமரசம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, முழுசாக இரண்டையும் கேட்கிறாள்.

அவள் பேசுவது கற்பனைதானே, எந்தப் பெண் தானாகப் போய் இதைக் கேட்பாள் என்று வகுப்பில் கேட்பார்கள். 1956இல் கிக்குயுக்களின் பக்கத்துச் சமூகமான மேருவில் பெரியோர் மன்றம் பெண்களுக்கான சடங்கைத் தடை செய்தது. பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் போய்த் தங்களுக்குள்ளேயே செய்துகொண்டார்கள். ‘ங்காய்த்தானா’ என்று அவர்களுக்குப் பெயர். எனக்கு நானே செய்துகொள்வேன் என்று பொருள். படித்தால் நெஞ்சு பதறும். ஆனால் தடை அந்தச் சடங்கை என்னவாக மாற்றியது என்பதையும் அது காட்டுகிறது.

சரி, ‘மரபு’ பக்கம் யோக்கியமா என்றால், அங்கேதான் நாவலின் உண்மையான சாமர்த்தியம் இருக்கிறது. செகே, வையாகியின் தகப்பன், தொலைநோக்கும் முனிவர் முகோ வா கிபிரோவின் வழிவந்தவர். பட்டாம்பூச்சி போன்ற உடை அணிந்தவர்கள் வருவார்கள் என்று அந்த முனிவர் முன்கூட்டியே சொல்லியும் ஜனங்கள் நம்பவில்லை என்பது பரம்பரைக் கதை. மகனைப் புனிதத் தோப்புக்குக் கூட்டிப்போய், இந்த மலைகளிலிருந்து ஒரு மீட்பன் வருவான், அது நீதான் என்கிறார். மிஷனுக்குப் போ, வெள்ளைக்காரனின் ரகசியத்தையெல்லாம் படி, ஆனால் உன் ஜனத்துக்கும் சடங்குக்கும் உண்மையாக இரு என்று அனுப்பிவைக்கிறார். இந்த வசனத்தையும் முத்தோனியின் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகனுக்கு அப்பா கொடுத்த அனுமதியைத்தான் ஒரு மகள் தானாக எடுத்துக்கொண்டாள். அவள் செத்ததும் அதே செகே, ஜோஷுவாவுக்கு இது வேண்டும் என்று நினைக்கிறார். அந்தப் பக்கம் ஜோஷுவா, மகளே இல்லை என்று துடைத்துப்போட்டுவிட்டார். அவளுக்காக அழுதவர்கள் மிகச் சிலர்.

அதைவிடக் கூர்மையான விஷயம் கபோன்யி. அவர் ஒருகாலத்தில் ஜோஷுவாவின் சபையில் முன்வரிசை ஆள். முத்தோனி செத்த பிறகு சடங்கை விடமாட்டேன் என்று ஒரு கூட்டத்தோடு வெளியேறுகிறார். வெளியேறி ‘கியாமா’ என்ற மன்றத்தை வைத்துக்கொண்டு, குலத்தின் தூய்மைக்காக எல்லோரையும் சத்தியம் செய்யச் சொல்கிறார். ஆசிரியரான வையாகியும் சத்தியம் செய்தவன். சத்தியம் செய்தவன் சடங்கு முடிக்காத பெண்ணை, அதுவும் ஜோஷுவாவின் மகளை, எப்படிக் காதலிக்கலாம் என்பதுதான் கடைசியில் அவன்மேல் விழும் குற்றச்சாட்டு. கிரோரேயில் விரல் வை என்றது அந்தப் பக்கம், சத்தியத்தில் கை வை என்கிறது இந்தப் பக்கம். தூய்மை என்ற சொல்லை இருவருமே சொல்கிறார்கள். சபையில் கற்ற வேலையைத்தான் கபோன்யி முகட்டைத் தாண்டி வந்தும் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு மதங்கள் மோதுகின்றன என்று எழுதிய என் பழைய கரும்பலகையை நான் அழித்தது இந்த இடத்துக்காகத்தான். எதிரிகள் என்று நான் இரு பக்கமும் எழுதிய ஜோஷுவாவும் கபோன்யியும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

வையாகியும் தப்பிக்கவில்லை. இரண்டு முகடுகளையும் சேர்க்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூடத்தில் பெருங்கூட்டம் கூடும் நாளில், ஜனங்கள் ஆரவாரம் செய்யும் உற்சாகத்தில், சேர்வதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மறந்துவிடுகிறான். பேசியிருந்தால் கதை மாறியிருக்குமா தெரியாது. ஆனால் கூகி அந்த மறதியை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். சடங்கைப் பற்றி வையாகி பிற்பாடு நினைக்கும் ஒரு பத்தியைத்தான் ‘ஆசிரியரின் நிலை’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். உடம்பில் செய்யும் வெட்டு முக்கியமில்லை, அது மனசுக்குள் செய்வதுதான் முக்கியம். ஒரே இரவில் நிறுத்திவிட முடியாது, பொறுமையும் கல்வியும் வேண்டும். ஒரு மதம் உன் வழக்கத்தைப் பிடுங்கிவிட்டு அதற்கு ஈடாக எதையும் தராவிட்டால் நீ தொலைந்துபோவாய் என்று நினைக்கிறான். கூகிக்கும் இதில் ஓரளவு உடன்பாடு இருந்திருக்கும் என்பது என் ஊகம். பாத்திரத்தின் எண்ணத்தை ஆசிரியர் கட்சி என்று எழுதிவிடாதீர்கள்; எங்கே பேச வேண்டும் என்பதையே மறந்த மனிதனின் எண்ணம் அது.

இன்னும் சில ஊகங்களை உண்மை மாதிரி எழுதுகிறார்கள். லிவிங்ஸ்டன் என்றால் டாக்டர் ஆர்தர்தான் என்பது அதில் ஒன்று. இருவருக்கும் பொருத்தம் இருக்கிறது, அவ்வளவுதான். நாவலின் லிவிங்ஸ்டன் முதலில் பழைய மிஷனரிகளைப் போல இல்லாமல் நிதானமாகப் போக நினைத்தவர், சடங்குக்கு முந்தைய ஆட்டத்தை நேரில் பார்த்து அரண்டவர், முத்தோனியின் சாவுக்குப் பிறகே போருக்குக் கிளம்புகிறார். கியாமாவின் சத்தியம் 1950களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்களின் சத்தியம்தான் என்பதும் ஊகமே. எழுதியவர் அந்தக் கிளர்ச்சியின் நெருக்கடி நிலைக் காலத்தில் வளர்ந்தவர் என்பதால் நியாயமான ஊகம். முத்தோனியின் சாவு பழைய மரபின் தோல்வியைக் காட்டுகிறது என்பாரும் உண்டு, கிறிஸ்தவத்தின் பிடிவாதத்தைக் காட்டுகிறது என்பாரும் உண்டு. எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. புண் சீழ்பிடித்துச் செத்த ஒரு பெண்ணை, இரண்டு ஆண்களின் தர்க்கத்துக்குச் சின்னமாக நாவல் சீக்கிரமே மாற்றிவிடுகிறது. அவள் வலி நாலைந்து பக்கம். வையாகியின் குழப்பம் நூறு பக்கம். பெண்கள் எழுதியிருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்று மாணவிகள் சொல்வதுண்டு. அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

‘சரி, கூகி கிறிஸ்தவரா இல்லையா’ என்று அடுத்து கேட்பீர்கள். இந்த நாவலை எழுதும்போது கிறிஸ்தவர்தான். 1938இல் லிமுரு பக்கத்தில் பிறந்தவர், முதலில் மிஷன் பள்ளிக்கூடத்திலும் பிறகு மாங்கூவில் கரிங்கா சங்கத்தின் சுயேச்சைப் பள்ளியிலும் படித்தார். அதாவது சிரியானாவின் பெஞ்சிலும் வையாகியின் பெஞ்சிலும் உட்கார்ந்தவர். 1955இல் போய்ச் சேர்ந்த அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளி, பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் சேர்ந்து 1926இல் தொடங்கியது. கிரோரே தாள் நீட்டப்பட்ட அதே கிக்குயு ஊரில் இருக்கிறது. அங்கே பக்தியுள்ள மாணவராக இருந்தார். உகாண்டாவின் மக்கரேரேயில் படிக்கும்போது எழுதிய முதல் வடிவத்துக்கு ‘தி பிளாக் மெசையா’ என்று பெயர். 1965இல் புத்தகம் வந்தபோது அட்டையில் இருந்த பெயர் ஜேம்ஸ் கூகி. மீட்பன், தீர்க்கதரிசனம், நிராகரிக்கும் கூட்டம் என்று கதையின் எலும்புக்கூடே விவிலியத்தில் இருந்து வந்தது. செகேயின் தோப்புக் காட்சியைப் படிக்கும்போது ஏசாயா நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. பிற்பாடுதான் விலகினார். 1970இல் கிழக்காப்பிரிக்கப் பிரஸ்பிட்டீரியன் சபையின் பேரவையில் பேச எழுந்து, நான் சபையைச் சேர்ந்தவன் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை என்று தொடங்கினார். ஒரு முதியவர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு எதிர்த்தார்: பெயர் ஜேம்ஸ், கிறிஸ்தவன் இல்லையாமே! கூகி கொஞ்ச காலத்தில் ஜேம்ஸை விட்டுவிட்டார். அந்த முதியவரின் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முத்தோனியின் கேள்வியையே மறுபக்கமிருந்து கேட்டிருக்கிறார்.

ஆக, “ஆசிரியர் யார் கட்சி?” என்று தேர்வில் வந்தால் நான் எழுதுவது இது: 1965இன் கூகி விசுவாசத்துக்கும் எதிரி இல்லை, மரபுக்கும் எதிரி இல்லை; ரேகை கேட்பவர்களுக்கும் சத்தியம் கேட்பவர்களுக்கும் எதிரி. விருத்தசேதனத்தை அவர் ஆதரிக்கிறாரா என்றால், இந்த நாவலை மட்டும் வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். குறைத்தால் அந்த மேஜைக்கு நானே வருகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொருமுறை படித்துவிட்டு எழுத உட்காருங்கள். வையாகியையும் நியாம்புராவையும் கியாமாவின் கையில் கொடுத்துவிட்டு ஜனங்கள் இருட்டில் கலைந்து போவார்கள். ‘ஆசிரியர்’ வையாகியைத் திரும்பிப் பார்க்க விரும்பாமல், ஒருவர் முகத்தில் இன்னொருவர் தன் குற்றத்தைப் படித்துவிடக் கூடாதே என்று அவசரமாக நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு முகட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஹோனியா ஓடிக்கொண்டிருந்தது.